பழி தேடிய ஊர்: வில்லிஸ்கா, 1912

1912 ஜூன் 10, திங்கட்கிழமை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வில்லிஸ்கா என்றொரு சிற்றூர். துணி உலர்த்துவதற்காக விடியற்காலையிலேயே வெளியே வந்த ஒரு பெண்மணிக்குப் பக்கத்து வீட்டைப் பார்த்து மனம் உறுத்தியது. நான்கு குழந்தைகள் இருக்கும் வீடு. மணி ஏழைத் தாண்டியும் உள்ளே அரவமே இல்லை. போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. திறந்து பார்த்தார், உள்ளே பூட்டியிருந்தது. பொழுது இவ்வளவு ஏறிய பிறகும் அடைபட்டுக் கிடந்த அந்த வீட்டுக் கோழிகளைத் திறந்துவிட்டார். பிறகு வீட்டுக்காரரின் சகோதரர் ராஸ் மூருக்குத் தகவல் சொன்னார்.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு அந்தக் கோழிகளிடம்தான் போய் நிற்கிறது. அண்டை வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தவுடன் ஒருவர் தன்னால் முடிந்த சின்ன உதவியைச் செய்கிறார். ஊர் என்பது அதுதான். அன்று மதியத்துக்குள் அதே ஊர் வேறு என்னென்ன செய்தது, அடுத்த ஐந்தாண்டுகளில் தனக்குத் தானே என்ன செய்துகொண்டது என்பதே இந்த வழக்கின் பெரும்பகுதி. கொலையாளி யார் என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கு மேலாகியும் விடை இல்லை.

ராஸ் வந்து தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். கூடத்தை ஒட்டிய கீழறையின் கதவைத் தள்ளியவர் படுக்கையில் இரண்டு உருவங்களையும் இரத்தத்தையும் கண்டு வெளியே ஓடிவந்தார். ஊர்க் காவல் அதிகாரி ஹேங்க் ஹார்ட்டனை அழைத்துவரச் சொன்னார். ஹார்ட்டன் வீடு முழுவதையும் பார்த்துவிட்டு வந்து சொன்ன செய்தி இது: உள்ளே ஒவ்வொரு படுக்கையிலும் பிணம்.

மாடியில் ஜோசையா மூர், அவர் மனைவி சாரா. அடுத்த அறையில் அவர்களுடைய குழந்தைகள்: ஹெர்மனுக்கு 11 வயது, கேத்தரினுக்கு 10, பாய்டுக்கு 7, கடைக்குட்டி பாலுக்கு 5. கீழறையில் இருந்த இருவரும் அந்த வீட்டுக் குழந்தைகள் அல்லர். லீனா ஸ்டிலிங்கருக்கு 12 வயது, அவள் தங்கை ஐனாவுக்கு 8. மொத்தம் எட்டுப் பேர், அவர்களில் ஆறு பேர் குழந்தைகள்.

முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் குழந்தைகள் தின விழா. அதை முன்னின்று நடத்தியவர் சாரா மூர்தான். அவருடைய பிள்ளைகளும் ஸ்டிலிங்கர் சகோதரிகளும் அதில் கலந்துகொண்டார்கள். சகோதரிகள் இருவரும் அன்றிரவு ஊருக்குள் இருந்த பாட்டி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. கேத்தரின் தன் வீட்டில் தங்கச் சொல்லிக் கூப்பிட்டாள். அனுமதி கேட்பதற்காக ஜோசையா மூர் ஸ்டிலிங்கர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். பெற்றோர் அப்போது வெளியே இருந்தார்கள். போனை எடுத்த அக்கா சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. இரவு ஒன்பதரை மணிவாக்கில் விழா முடிந்து எல்லோரும் நடந்தே வீடு திரும்பினார்கள்.

அந்த அக்கா அதற்குப் பிறகு எத்தனை இரவுகள் அந்தப் பேச்சை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வழக்கு ஆவணங்களில் அதற்கு இடம் கிடையாது.

வீடு சொன்னதும் ஊர் அழித்ததும்

கொலைக்குப் பயன்பட்டது ஜோசையா மூரின் சொந்தக் கோடரி. அது சகோதரிகள் கிடந்த கீழறையில் சுவரோரம் கிடைத்தது. துடைக்க முயன்ற அடையாளம் அதில் இருந்தது. மாடி அறைகளின் தாழ்வான உட்கூரையில் கோடரி ஓங்கும்போது பட்ட கீறல்கள். கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டு, திரியைத் தணித்துவைத்த எண்ணெய் விளக்கு. வெளிச்சம் அதிகம் பரவாமல் காலடியை மட்டும் காட்ட அப்படிச் செய்திருக்க வேண்டும். இறந்தவர்களின் முகங்கள் மூடப்பட்டிருந்தன. முகம் பார்க்கும் கண்ணாடிகளின்மேலும் துணி போட்டிருந்தது. சமையலறையில் ஒரு பாத்திரத்தில் இரத்தம் கலந்த நீரும் தொடப்படாத உணவுத் தட்டும் இருந்தன. கோடரிக்கு அருகே துணியில் சுற்றிய பன்றி இறைச்சித் துண்டு ஒன்று. அது அங்கே ஏன் வந்தது என்பதற்கு இன்றுவரை ஒருவரும் நம்பும்படியான காரணம் சொன்னதில்லை.

இவ்வளவு பேசிய வீடு இன்னும் எவ்வளவோ பேசியிருக்கும். ஊர் விடவில்லை.

செய்தி பரவியதும் கூட்டம் சேர்ந்தது. உடல்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மருத்துவர் ஒருவர், உள்ளே போகாதீர்கள், போனால் சாகும்வரை வருந்துவீர்கள் என்று எச்சரித்தார். கேட்டவர்கள் குறைவு. ஏறத்தாழ நூறு பேர் உள்ளே நுழைந்து, அறை அறையாகச் சுற்றி, கையில் பட்டதையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜோசையா மூரின் மண்டையோட்டுச் சில்லை நினைவுப் பொருளாக எடுத்துப்போனவர்கூட உண்டு. உள்ளூர் தேசியக் காவல் படை வந்து வீட்டைச் சுற்றி நின்றபோது நண்பகல் ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் கைரேகையைப் பற்றி யாருக்குத் தெரியும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அடுத்த மாநிலமான இல்லினாய்ஸில் கைரேகையைச் சான்றாக வைத்து ஒருவனுக்குக் கொலைக் குற்றத் தீர்ப்பு வழங்கப்பட்டு, அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் 1911 டிசம்பரில் அதை உறுதி செய்திருந்தது. அதாவது ஆறே மாதங்களுக்கு முன்பு. கோடரியின் பிடி, விளக்குக் கண்ணாடி, தண்ணீர்ப் பாத்திரம் என்று ரேகை பதியக்கூடிய பொருள்கள் அந்த வீட்டில் நிறைந்து கிடந்தன. கூட்டத்தில் வந்தவர்கள் தீயவர்கள் அல்லர். பலர் மூர் குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து ஜெபித்தவர்கள். அதிர்ச்சி ஒருபுறம், ஆவல் ஒருபுறம். ஆனாலும் கொலையாளியைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய தடயங்களை முதல் நான்கைந்து மணி நேரத்தில் மிதித்து அழித்தது அவர்கள் கால்கள்தான்.

நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து மோப்ப நாய்கள் வரவழைக்கப்பட்டன. அவை நாடவே ஆறுவரை சென்றன. அதற்கு அப்பால் தடம் இல்லை. ஜூன் 12 அன்று நடந்த அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அந்த ஊரின் மக்கள்தொகையே அப்போது இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

சந்தேகத்துக்கு ஒரு வாரிசு

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். வில்லிஸ்காவின் வாய் முதலில் உச்சரித்த பெரிய பெயர் ஃபிராங்க் ஜோன்ஸ்.

ஜோன்ஸ் ஊரின் பெரும்புள்ளி. விவசாயக் கருவிகள் விற்கும் கடை நடத்தியவர், வங்கியில் செல்வாக்குள்ளவர், அயோவா மாநிலச் செனட்டர் பதவிவரை போனவர். ஜோசையா மூர் பல ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்துவிட்டு 1907இல் பிரிந்து தனிக்கடை போட்டார். பிரியும்போது ஜான் டீர் கருவிகளின் விற்பனை உரிமையும் மூரின் கைக்கு வந்தது. விவசாயிகளை நம்பிப் பிழைக்கும் ஊரில் அது சின்ன இழப்பு அல்ல. இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் விலகி அடுத்த பக்கம் போய்விடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஜோன்ஸின் மருமகளோடு மூரை இணைத்து வதந்தியும் உலவியது. பகை, பணம், மானம் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஊருக்கு வேறென்ன வேண்டும்?

இருந்தாலும் வெறும் பேச்சாக இருந்ததை வழக்காக வளர்த்தவர் வெளியிலிருந்து வந்தார். பர்ன்ஸ் துப்பறியும் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்கர்சன். வில்லியம் மான்ஸ்ஃபீல்ட் என்பவனுக்குப் பணம் கொடுத்து ஜோன்ஸ்தான் இந்தக் கொலைகளைச் செய்வித்தார் என்பது அவர் கட்டிய கதை. நீதிமன்றத்தைவிட மேடையை நம்பிய மனிதர் அவர். பொதுக்கூட்டங்கள் போட்டார், பேசினார், துக்கத்திலும் பயத்திலும் நான்கு ஆண்டுகளாகப் புழுங்கிக்கொண்டிருந்த மக்களின் கோபத்துக்கு ஒரு முகவரி கொடுத்தார். 1916இல் மான்ஸ்ஃபீல்ட் கைது செய்யப்பட்டான். கொலை நடந்த சமயத்தில் அவன் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இல்லினாய்ஸில் வேலை செய்துகொண்டிருந்ததைச் சம்பளப் பதிவேடு காட்டியது. பெருநடுவர் குழு குற்றம் சாட்ட மறுத்தது. வெளியே வந்த மான்ஸ்ஃபீல்ட் வில்கர்சன்மீது வழக்குப் போட்டு 2,225 டாலர் இழப்பீடு பெற்றான்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். கருவி இல்லையென்றால் ஏவியவன் எங்கிருந்து வந்தான்? ஆனால் ஊர் அப்படி யோசிக்கவில்லை. ஜோன்ஸ் வில்கர்சன்மீது தொடுத்த அவதூறு வழக்கில் ஜோன்ஸ் தோற்றார். அவதூறு வழக்கில் தோற்றால் கொலை உறுதியாகிவிடாது என்பதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை அன்று யாருக்கும் இல்லை. அதே 1916இல் கட்சியின் உள்தேர்தலிலும் அவர் தோற்றார். ஜோன்ஸ்மீது கொலைக் குற்றச்சாட்டு எந்தக் காலத்திலும் பதிவாகவில்லை. குற்றச்சாட்டு வராததால் விடுதலையாகவும் வழியில்லை. நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவருக்காவது ஒருநாள் தீர்ப்பு வரும். ஜோன்ஸுக்கு அந்த ஒருநாள் வரவே இல்லை.

ஊர் இரண்டாகப் பிளந்தது. பிளவு தேவாலயத்தின் வழியாகவே ஓடியது. ஜோன்ஸ் மெதடிஸ்ட், மூர் குடும்பம் பிரஸ்பிட்டேரியன். மெதடிஸ்டுகள் பெரும்பாலும் ஜோன்ஸ் நிரபராதி என்றார்கள். பிரஸ்பிட்டேரியன்கள் அவரே குற்றவாளி என்றார்கள். ஒரே கடவுளைக் கும்பிடும் இரண்டு கூட்டங்கள், ஞாயிறுதோறும் இரண்டு தேவாலயங்களுக்கு, ஒன்றையொன்று நம்பாமல் நடந்துபோயின. ஒருவன் எந்தப் பெஞ்சில் அமர்கிறான் என்பதை வைத்தே கொலையைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கணித்துவிடலாம் என்றால், அந்தக் கருத்து சான்றிலிருந்து பிறந்ததல்ல. இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்கிய தகவல் இது.

இரவு முழுவதும் நடந்த விசாரணை

அடுத்த பெயர் ஜார்ஜ் கெல்லி. இங்கிலாந்தில் பிறந்த ஊர்சுற்றிப் போதகர். சிறிய உருவம், நிலையில்லாத மனம். குழந்தைகள் தின விழாவுக்கு வந்திருந்தார், மறுநாள் யாரும் உடல்களைக் காண்பதற்கு முன்பே, அதிகாலை ரயிலில் மேற்கே போய்விட்டார். பிறகு விசாரணை அதிகாரிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இரண்டு வாரம் கழித்துத் துப்பறிபவரைப்போல வந்து கொலை நடந்த வீட்டையும் சுற்றிப் பார்த்தார். 1914இல் ஆபாசக் கடிதம் அனுப்பிய குற்றத்துக்காகப் பிடிபட்டு மனநல மருத்துவமனைக்கும் போய்வந்தவர். சந்தேகப்படக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காரணம் இருந்தது.

1917இல் லீனா ஸ்டிலிங்கரைக் கொன்றதாக அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆகஸ்ட் 31 அன்று, இரவு முழுவதும் நீண்ட விசாரணைக்குப் பிறகு, கெல்லி ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். கடவுளின் குரல் கட்டளையிட்டது என்றார். பின்னர் அதை மறுத்தார். மனம் கலங்கிய ஒருவனை விடிய விடிய உட்காரவைத்துக் கேட்டால் அவன் எதை ஒப்புக்கொள்ள மாட்டான்? மாவட்டத் தலைநகர் ரெட் ஓக்கில் செப்டம்பரில் நடந்த முதல் விசாரணையில் நடுவர்கள் 12 பேரில் 11 பேர் விடுதலைக்கு ஆதரவாக நின்றும் ஒருமித்த முடிவு வரவில்லை. நவம்பரில் நடந்த இரண்டாம் விசாரணையில் கெல்லி விடுதலையானார்.

ஜோன்ஸ்தான் குற்றவாளி என்று நம்பியவர்களுக்குக் கெல்லி ஒரு பலிகடா. பெரிய மனிதரைக் காப்பாற்றுவதற்காக ஒரு பைத்தியக்காரப் போதகரை முன்னே தள்ளுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஆகவே விடுதலைத் தீர்ப்பும் ஊரைச் சேர்த்துவைக்கவில்லை.

தண்டவாளம் காட்டும் திசை

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். வில்லிஸ்கா ரயில் பாதையில் உள்ள ஊர். 1911 செப்டம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இரண்டு வீடுகளில் ஆறு பேர், அதே மாதக் கடைசியில் இல்லினாய்ஸின் மன்மத் ஊரில் மூன்று பேர், அக்டோபரில் கான்சாஸின் எல்ஸ்வர்த்தில் ஐந்து பேர், 1912 ஜூன் தொடக்கத்தில், அதாவது வில்லிஸ்காவுக்குச் சில நாட்களுக்கு முன்பு, கான்சாஸின் பயோலாவில் ஒரு கணவனும் மனைவியும். எல்லோரும் இரவில் தூக்கத்திலேயே தலையில் அடித்துக் கொல்லப்பட்டவர்கள். கூண்டு கழற்றிய விளக்கு, மூடிய முகம், அங்கேயே கிடைத்த கோடரி போன்ற அடையாளங்கள் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திரும்ப வருகின்றன. ரயிலில் வந்து ரயிலில் போகும் ஒருவன் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. 1912 டிசம்பரில் மிசௌரி மாநிலத்தில் தன் தாயையும் பாட்டியையும் கொன்ற ஹென்றி லீ மூர்தான் அவன் என்று மத்திய அரசின் புலனாய்வாளர் ஒருவர் 1913இல் அறிவித்தார். பெயரில் மட்டும்தான் ஒற்றுமை, ஜோசையா மூருக்கு உறவு இல்லை. அதுவும் நிரூபணமாகவில்லை.

ஆள் யார் என்பதில் எனக்குத் தீர்மானமில்லை. ஆனால் வந்துபோன வெளியாள் என்ற திசைதான் மற்ற எல்லாவற்றையும்விடச் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. கடைப் போட்டிக்காக ஆள் வைத்துக் கொல்பவன் ஐந்து வயதுக் குழந்தையையும் விருந்துக்கு வந்த சிறுமிகளையும் எதற்குக் கொல்ல வேண்டும்? கண்ணாடிகளுக்குத் துணி போட்டுக்கொண்டு அந்த வீட்டில் எதற்காக நேரம் கடத்த வேண்டும்?

இந்த விளக்கம் வில்லிஸ்காவில் வேர் பிடிக்காததற்கும் காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் காரணமே இல்லாமல் வந்து கொன்றுவிட்டு ரயிலேறிப் போய்விட்டான் என்றால், எஞ்சியிருப்பவர்கள் கோபத்தை யார்மேல் இறக்குவது? அதைவிட, நேற்று நம் வீடாகவும் இருந்திருக்கலாம் என்ற அச்சத்தோடு ஒவ்வோர் இரவும் எப்படித் தூங்குவது? கொன்றவன் ஜோன்ஸ் என்றால் காரணம் மூருக்கும் ஜோன்ஸுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. நமக்குப் பகையாளி இல்லை, ஆகவே நம் குழந்தைகள் பத்திரம். ஜோன்ஸை வெறுத்தவர்களுக்கு அந்த வெறுப்பே தூக்க மருந்தாக இருந்திருக்கிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறு குழந்தைகளைப் புதைத்த ஊர் அது. ஆனால் அந்த மருந்துக்கான விலையைக் கொடுத்தவர்களில் இருவர் நிரபராதிகள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஒருவருக்குச் சம்பளப் பதிவேடு சாட்சி. இன்னொருவர்மீது குற்றம்கூடச் சாட்ட முடியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த வீடு இப்போது

பத்தாண்டுகள் கழித்து, 1922இல், ஜெர்மனியின் பவேரியாவில் ஹின்டர்கைஃபெக் என்ற பண்ணையில் ஆறு பேர் இதேபோல் கொல்லப்பட்டார்கள். அங்கும் கொலையாளி கிடைக்கவில்லை. மறு ஆண்டே அந்தப் பண்ணையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இடிக்கும்போதுதான் பரணில் கொலைக் கருவியே கிடைத்தது. வில்லிஸ்கா வீடு இடிபடவில்லை. கைமாறிக் கைமாறி வேறு குடும்பங்கள் அதில் வாழ்ந்தன. 1994இல் உள்ளூர்த் தம்பதி ஒருவர் வாங்கி, பின்னாளில் சேர்ந்த குழாய், மின்சார வசதிகளை அகற்றி, 1912இல் இருந்த நிலைக்குத் திருப்பினார்கள். 1998இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அது இடம்பெற்றது. பகலில் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டணம் கட்டினால் இரவு தங்கலாம். பேய் பார்க்க வருபவர்கள்தான் அதிகம்.

2020 கணக்கெடுப்பின்படி வில்லிஸ்காவின் மக்கள்தொகை ஆயிரத்து நூற்றுச் சொச்சம். கொலை நடந்த காலத்தில் இருந்ததில் ஏறக்குறையப் பாதி. தேய்ந்துவரும் ஊருக்கு வெளியூர்க்காரர்களை இழுத்துவரும் ஒரே வீடு அதுவாக இருக்கும்போது, அதை மூடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பழைய நிலையில் காப்பாற்றப்பட்டதால்தான் உட்கூரையின் உயரத்தையும் மாடிப்படியின் குறுகலையும் இன்று ஒருவர் நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது என்பதும் உண்மை. ஆனால் பேய்க்கதை கேட்க வருபவர்களிடம் யாராவது கீழறையைக் காட்டி, இங்கே படுத்திருந்தவர்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்த அனுமதியோடு, ஒரே ஓர் இரவுக்காக வந்தவர்கள் என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் விரும்புகிறேன்.

எட்டுக் கொலைகளில் நீதிமன்றம்வரை போய் விசாரணை நடந்தது லீனாவின் கொலை ஒன்றுக்குத்தான். மற்ற ஏழு பேரின் கொலைக்காக எவரும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டதில்லை. 1917 நவம்பருக்குப் பிறகு இந்த வழக்கில் எவரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. அக்காவும் தங்கையும் மூர் குடும்பத்தார் இருக்கும் அதே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.